பல் டாக்டரின் மச்சம்

பல் டாக்டரின் மச்சம் காணாமல் போனபோது மணி பதினொன்றரை. மாலை ஐந்து மணிக்கு அது கிளினிக்கின் பெயர்ப்பலகையில் இருந்தாக வேண்டும்.

போட்டோகிராபர் மூக்கைத் திரையோடு ஒட்டிவைத்துத் தேடினார். கன்னம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

முந்தின நாள் இரட்டைச் சகோதரிகள் படமெடுக்க வந்திருந்தார்கள். பத்து மணிக்கு அக்கா, பதினொரு மணிக்குத் தங்கை. அதே முகம், அதே வெள்ளைக் கோட்டு. கவுன்டரில் உட்காரும் மனைவி நோட்டில் தெளிவாக எழுதியிருந்தாள்: மச்சம் உள்ளவர் அக்கா, பல். இல்லாதவர் தங்கை, கண்.

இப்படி அடையாளம் எழுதும் வழக்கம் போன வருஷம்தான் வந்தது. இவர் இரண்டு பேரின் படத்தை மாற்றிக் கொடுத்துவிட, ஒரு டிரைவர் யாரோ ஒரு டீச்சரம்மாவின் முகம் போட்ட அட்டையோடு மூன்று நாள் பஸ் ஓட்டினார். "இன்னொரு தடவை ஆளை மாத்தினீங்கன்னா கவுன்டர்ல நீங்களே உக்காந்துக்குங்க" என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

வம்பு பவுடரால் வந்தது. தங்கையின் கன்னத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். பழைய சாஃப்ட்வேரில் துடைத்தால் பத்து நிமிஷ வேலை. மனிதருக்குப் பொறுமை ஏது? மச்சினன் ஓயாமல் புகழும் புது சாஃப்ட்வேரையும், அதோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் தானாகவே சுத்தம் செய்யும் பிளக்-இன்னையும் ஏற்றினார். பழையது இருந்தால் புதியது முரண்டு பிடித்ததால், பழையதைக் கழற்றினார். இரண்டு படமும் திறந்திருக்க, ஒரே ஒரு பட்டன்தான் அமுக்கினார். தங்கையின் பவுடர் போனது, அக்காவின் மச்சமும் சேர்ந்து போனது. ஒரிஜினல் மேலேயே சேமித்தும் விட்டது. கேமரா கார்டை அவர் காலையிலேயே காலி செய்திருந்தார்.

ஒரு புள்ளிதானே, வைத்துவிடலாம் என்று பார்த்தால் புதியதில் பிரஷ் எங்கே ஒளிந்திருக்கிறதென்றே தெரியவில்லை. பழையதை மறுபடி ஏற்றினார். அது இந்த ஃபைலைத் திறக்க முடியாது என்று கையை விரித்தது. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"அதுக்கு ஒரு பிளக்-இன் இருக்கு மாமா" என்றான். எதைக் கேட்டாலும் அவனிடம் அதே பதில்தான்.

அந்தப் பிளக்-இன் படங்களை ஒழுங்காகத் திறந்தது. போகிற போக்கில் 'அக்கா', 'தங்கை' என்ற ஃபைல் பெயர்களை ஒன்று, இரண்டு என்று மாற்றியும் வைத்தது. மச்சமும் போய், பெயரும் போய், ஒரே முகம் இரண்டாக உட்கார்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. பல்வலிக்காரர்கள் கண் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவார்கள். கவுன்டர் காலியாக இருக்கும்.

மறுபடி மச்சினன். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லவும் ஒரு பிளக்-இன் இருக்கிறதாம். அதையும் ஏற்றினார். அது வெகு நேரம் யோசித்துவிட்டு, 'இரண்டு படத்திலும் இருப்பவர் ஒருவரே' என்றது.

"இரட்டைப் பிள்ளைங்களைப் பார்த்ததே இல்ல போல, மடச் சாம்பிராணி" என்று திட்டி, அதை வேரோடு பிடுங்கி எறிந்தார்.

மணி நான்கு. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டாலே தெரிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிடும். வேலை முடிந்தது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைத் தொட்டார். அந்தக் கன்னத்தில் புள்ளி வைத்தார்.

ஐந்து மணிக்குக் கணவனும் மனைவியுமாகப் படங்களோடு போய் நின்றார்கள். அக்கா டாக்டர் இரண்டையும் வெகு நேரம் பார்த்தார்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றார் அக்கா. தங்கையும் அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

பலகையில் படங்கள் ஏறின. மனைவி அவரைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை கிடைத்துப் பல வருஷமாகியிருந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நல்ல வேளை, ஆள் மாறல" என்று பெருமூச்சு விட்டார்.

பக்கத்தில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள்.

"ஆள் எங்கிருந்து சார் மாறும்? சின்ன டாக்டருக்கு ஃபிளாஷ் அடிச்சா கண்ணு கூசும்னு, பெரிய டாக்டர்தானே மச்சத்து மேல பவுடரை அப்பிக்கிட்டு ரெண்டாவது தடவையும் போய் உக்காந்தாங்க."