ஜப்பான் நாய் அழைத்த விருந்தாளிகள்

இந்த வருஷமாவது என் வீட்டில் ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் சிங்கம் மாதிரி இருந்தது. அதை வாய் திறந்து சொல்வதில்தான் சிக்கல். ஆகவே வாயைத் திறக்காமலே சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் தொழில் குரல் கொடுப்பது. வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்கள் நம் பாஷைக்கு வரும்போது, அதில் வரும் ஆடு, மாடு, கோழிகளுக்கு நான்தான் தொண்டை. 'இதற்கு எதற்கு ஆள், எந்த ஊர் நாயும் குரைக்கத்தானே செய்யும்' என்பார்கள். செய்யாது. நம் நாய் 'லொள்' என்று நாக்கை மடிக்கும். ஜப்பான் நாய் 'வாங் வாங்' என்று வாயைப் பிளக்கும். கொரியா நாய் 'மொங் மொங்'. நம் சேவல் 'கொக்கரக்கோ' என்று உதட்டைக் குவிக்கும் இடத்தில் ஜெர்மன் சேவல் 'கிகெரிகி' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். காட்டிய பல்லுக்குக் குவிந்த குரலை ஒட்டவைப்பது லேசான வேலை இல்லை. ஒன்பது வருஷமாக வீட்டின் பின்னறையில், சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து, இந்தப் பயிற்சிதான். எதிரே உட்கார்ந்து தாளைப் பார்த்துத் திருத்துவது என் மனைவி. "இது டச்சு வாத்து இல்லைங்க, பிரெஞ்சு வாத்து" என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பின்னறைக்குத்தான் ஆபத்து வந்தது. மனைவியின் அக்கா வீட்டில் கூரையைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கிறதாம். பத்து நாள் குடும்பத்தோடு நம் வீட்டில் தங்கட்டும், பின்னறையை ஒழித்துக் கொடுத்துவிடலாம் என்றாள். அக்காவைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அக்காவின் கணவர், அதாவது என் சகலை, உடற்பயிற்சி மாஸ்டர். போன தடவை வந்தபோது விடியுமுன் என் போர்வையை உருவி, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைக் கொடுத்து, மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னவர். என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று விசாரித்தவர்.

ஆனால் எனக்கு ஒரு பிடி இருந்தது. அக்கா ரோஷக்காரி. வீட்டுக்காரர் தன் வாயால் அழைக்காத வீட்டில் காலெடுத்து வைக்கமாட்டாள். சாயங்காலம் போன் போடுகிறேன், நீங்கள் ஒரு வார்த்தை 'வாங்க' என்று சொன்னால் போதும் என்றாள் மனைவி.

வாய்தானே வேண்டும்? வாயே இல்லையென்றால்?

மத்தியானமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கல்யாணம் கட்டியவனுக்குத் தொண்டை கட்டுவதா பெரிய விஷயம். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, டாக்டர் ஒரு வாரம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கைபேசியில் தட்டிக் காட்டினேன். மனைவி பரிதாபப்பட்டாள். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு தன் போனை எடுத்தாள்.

"அப்போ நாளைக்கு ரெக்கார்டிங் முடியாதுன்னு ஸ்டுடியோவுக்குச் சொல்லிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்குப் புலி. எத்தனையோ வருஷம் வாத்தும் தவளையுமாகக் கிடந்தவனுக்கு முதல் தடவையாகக் கிடைத்த புலி. அவசரமாகத் தட்டினேன்: 'பேச்சுதான் கூடாது. மிருகக் குரல் வயிற்றிலிருந்து வருவது. அதற்குத் தடையில்லை.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள். அந்த 'நல்லதாப் போச்சு' யாருக்கு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். எனக்குத் தொண்டை போய்விட்டதை அக்காவிடம் விவரித்தாள். அக்கா வருத்தப்பட்டாள். தம்பி குணமாகி ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். நான் மப்ளருக்குள் சிரித்துக்கொண்டேன்.

"பேச்சுதான் வராது அக்கா. மத்த சத்தமெல்லாம் வரும். டாக்டரே சொல்லியிருக்கார்" என்ற மனைவி என் பக்கம் திரும்பினாள். "அக்காவுக்காக ஒரு சத்தம் குடுங்க."

மறுத்தால் நாளைக்குப் புலி போய்விடும். ஆத்திரம் வேறு முட்டிக்கொண்டு வந்தது. நம் ஊர்க் குரைப்பு குரைத்தால் அக்காவுக்குப் புரிந்துவிடும். புரியாத பாஷையில் குரைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜப்பான் நாயைப் பிடித்தேன்.

"வாங்! வாங்!"

"கேட்டியா அக்கா, வாங்க வாங்கங்கறார்" என்றாள் மனைவி.

போனுக்குள் அக்கா குளிர்ந்து போனாள். எனக்கு வேர்த்தது. எப்படியாவது 'மாட்டேன்' என்பதைத் தெரிவித்தாக வேண்டும். மாட்டின் வாய் வழியாகவே ஆரம்பித்தேன்.

"மா..."

"அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்றார். அம்மா மட்டும் தனியா எதுக்கு இருக்கணும், பாவம்."

கணக்கில் ஒரு மாமியார் கூடிவிட்டார். 'வேண்டாம்' என்பதையாவது ஆட்டிடம் ஒப்படைப்போம் என்று நினைத்தேன். ஆடு என்னைக் கைவிட்டது. 'வே' என்று நான் இழுத்தது அதன் தொண்டையில் வேறு மாதிரி வந்து விழுந்தது.

"மே மாசம் வரைக்கும் இருக்கணுமாம் அக்கா. நிதானமா கூரையைப் போடுங்க."

நாங்கள் இருந்தது ஜனவரியில்.

தமிழை நம்பினால் கழுத்தறுக்கும் என்று தெரிந்துவிட்டது. எந்தத் தமிழ் வார்த்தைக்கும் பக்கத்தில் வராத ஒரு சத்தம் வேண்டும். ஜெர்மன் கழுதை ஞாபகம் வந்தது. அடிவயிற்றிலிருந்து, அடைபட்ட அத்தனை நியாயத்தையும் சேர்த்துக் கத்தினேன்.

"ஈ... யாஆ!"

அக்கா பயந்துபோய் இது என்ன என்று கேட்டாள். மனைவி முருங்கைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது ஜெர்மன் அக்கா. அவங்க பாஷையில 'யா'ன்னா 'ஆமா'ன்னு அர்த்தம். ரொம்ப சந்தோஷம் வந்தா இவர் ஜெர்மன்ல போயிடுவார்."

ஒன்பது வருஷமாக இவளை எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தவன் நான்தான். பொறுமை போய்விட்டது. மப்ளரை அவிழ்த்து எறிந்தேன்.

"நிறுத்து!" என்றேன், சுத்தமான மனிதக் குரலில்.

மனைவி போன் பக்கம் சாய்ந்து, குரல் தழுதழுக்கச் சொன்னாள்: "பார்த்தியா அக்கா, நீ வர்றேன்னதும் இவருக்குத் தொண்டை திறந்துடுச்சு."

அந்தப் பக்கம் அக்கா அழுதுவிட்டாள். கூரை பிரித்த வீட்டில், தூசிக்கு நடுவே, யாரும் கூப்பிடவில்லையே என்று எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாளோ. தம்பி, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும் என்றாள். எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. தீர்மானத்தைத் தேடினேன். அகப்படவில்லை.

"வாங்க" என்றேன். "அத்தையையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். பின்னறையில் சகலை தண்டால் எடுக்கிறார். என் மெத்தைச் சுவர் அவருக்கு வசதியாக இருக்கிறதாம். புலி ரெக்கார்டிங்கைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அதனால் நான் குளியலறைக்குள் போய், கதவைத் தாழிட்டு, பயிற்சி செய்துகொள்கிறேன்.

நேற்று மனசில் இருந்ததையெல்லாம் திரட்டி, ஒன்பது வருஷத்தில் உறுமாத உறுமல் ஒன்று உறுமினேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வெளியே மாமியார் தன் மகளிடம் சொல்வது கேட்டது: "குழாய்ல தண்ணி நின்னுபோச்சு போலிருக்கும்மா, வெறும் காத்துதான் வருது."