ஆறட்டும் அண்ணையின் இரும்புச் சக்கரம்

வெள்ளாங்குளத்திலிருந்து மன்னார்த் தீவுக் கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும் ‘ஆறட்டும்’ அண்ணையைப் போல அவசரமே இல்லாத ஒரு மனிதன் கிடைக்கமாட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் சண்டையால் இடம்பெயர்ந்து, ஊருக்கு மீளக் குடியேறிய கையோடு நறுவிலிக்குளத்துப் பக்கம் நெல் அவிக்கிற ஆலை ஒன்றைத் தனியாளாக நிமிர்த்தியவன். ஆட்களை எடைபோடத் தெரியும். அந்தத் துணிவில்தான் சொல்கிறேன்.

அவர் எங்கள் ஆலையின் கொதிகலனைப் பார்க்கிற பொயிலர்க்காரர். மலையகத் தேயிலைத் தொழிற்சாலையில் குழாய் திருத்தியவர். கலவரத்தில் எல்லாம் இழந்து இங்கே வந்து, எங்களோடு முகாமில் கிடந்து, எங்களோடு திரும்பியவர். எத்தனை வருடமானாலும் மலைப் பேச்சு மாறவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தால் “ஆறட்டும்” என்பார். பக்கத்தில் சண்டை நடந்தாலும் “ஆறட்டும்” என்பார். கலியாணப் பேச்சுக்கும் அதையே சொன்னாராம். பெண் காத்திருக்கவில்லை.

சுடுதண்ணீர்க் குழாயில் கை வைக்குமுன் அவர் செய்கிற சடங்கு கோயில் பூசையை விட நீளம். நெருப்பை அணைப்பார். வால்வைப் பூட்டுவார். வேறெவனும் திறந்துவிடாதபடி அந்த வால்வின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்வார். பிறகு வடிகுழாயைத் திறந்து, உள்ளே மிஞ்சின தண்ணீர் முழுதும் வந்துவிட்டதா என்று வாளி வாளியாக எண்ணுவார். ஒருநாள் அந்தக் கோலத்தோடேயே கடைக்குப் போயிருக்கிறார்.

“என்ன அண்ணை, பதக்கமோ?” என்று கேட்டார்கள்.

“உசுருங்க” என்றாராம்.

ஒருமுறை எங்கிருந்தோ ஒரு மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கொண்டுவந்து, மண்டையோட்டுப் படத்தோடு, குழாயடியில் நட்டுவிட்டார். நெல் கொண்டுவந்த சனம் கடகத்தைப் போட்டுவிட்டு ஓடியது. கண்ணிவெடி அகற்றுகிற பெடியள் தலைக்கவசத்தோடு வந்து இறங்கினார்கள்.

“எங்கை அண்ணை வெடி?”

“வெடி இல்லீங்க தம்பி. சுடுதண்ணி.”

“எங்களோட பகிடி விடுறியளோ?”

“ஒங்க வெடி கால எடுக்கும். இது மொகத்த எடுக்கும்.”

அவர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இவர் என் பழைய சிவப்புத் துவாயை அங்கே கட்டினார்.

திரும்பி வந்தபின் விளைந்த முதல் காலபோக நெல் ஆலைக்கு வந்தது. அரை ஊரின் நெல் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துச் சுடுதண்ணீர்க் குழாயின் மூட்டு ஒழுகத் தொடங்கியது. பின்னேரத்துக்குள் அவிக்காவிட்டால் அவ்வளவும் புளித்துப்போகும். தன் நெல்லையும் ஊறப் போட்டிருந்த பாக்கியம் அக்கா தொட்டியடியை விட்டு நகரவில்லை.

“தம்பி, இது பழுதாப் போனா என்ரை பிள்ளையளுக்கு உலையிலை என்னத்தைப் போடுறது?”

ஆறட்டும் அண்ணையோ சக்கரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாலைமர நிழலில் குந்தியிருந்தார்.

“மீற்றர் முள்ளு சைபரிலை நிக்குது. எழும்புங்கோ அண்ணை!” என்றேன்.

“முள்ளு பொய் சொல்லும் மொதலாளி. நாலு வாளி வரணும். ஒண்ணுதான் வந்திருக்கு. மிச்சம் எங்க?”

“ஆவியாப் போயிருக்கும்.”

“ஆறட்டுங்க.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஆலையை நிமிர்த்தினவனுக்கு ஆணி கழற்றத் தெரியாதோ? ஸ்பானரை எடுத்தேன். குழாய்க்கு நேரே முகத்தை வைத்து முதல் ஆணியைத் திருகினேன். வாழ்க்கையில் அந்த மனிதர் ஓடினதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். வந்த வேகத்தில் என் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தார். சாரம் அவர் கையில், நான் தரையில். என் முகம் இருந்த இடத்தால் சுடுதண்ணீர் சீறிக்கொண்டு போனது. இழுத்த கையை அது பிடித்துவிட்டது. முழங்கை வரை சிவந்து தோல் சுருங்கியது.

பாக்கியம் அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, “முதல்லை சாரத்தை உடுங்கோ தம்பி” என்றா.

ஆறட்டும் அண்ணை என்னைத் திட்டவில்லை. வெந்த கையைப் பச்சைத் தண்ணீரில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றக் கையால் சக்கரத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

“இனிமே இது ஒங்க கழுத்துல கெடக்கட்டும் மொதலாளி. மத்தவன் யாரும் தொடமாட்டான். நீங்களும் தொடமாட்டீங்க.”

எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு, வடிகுழாயின் வாயில் கல்லுப்போலப் படிந்து அடைத்திருந்தது. பக்கவாட்டில் நின்று நீளக் கம்பியால் குத்தினார். மிச்ச மூன்று வாளியும் புகைந்துகொண்டு வந்தன. ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, குழாயைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்பானரைக் கேட்டார். நெல் பிந்தித்தான் அவிந்தது. சோற்றில் லேசாகப் புளிப்பு மணம் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பாக்கியம் அக்கா முதல் கோப்பைச் சோற்றைக் கட்டுப்போட்ட கைக்காரருக்குத்தான் கொண்டுவந்தா.

“ஆறட்டும்மா” என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். இன்றைக்கு என் ஆலையில் இரண்டு பொயிலர் ஓடுகிறது. குழாய் திருத்துகிற நாளில், முதலாளி நான், கழுத்தில் சக்கரத்தோடு கதிரையில் குந்தியிருப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கயிறு இற்றுப்போய்விட்டது, புதிதாக மாற்றச் சொல்லி வீட்டில் கரைச்சல். மாற்றலாம்தான். அந்த முடிச்சு அவர் போட்டது.