காகிதம் வீணாகாத ஆபீஸ்

ரக்கிரக்கி,
22 மே 1988

வான்கூவர் பனிக்கு நடுவே குடியிருக்கும் சௌபாக்கியவதி ஊர்மிளாவுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் ரக்கிரக்கி கரும்பு விவசாயிகள் சங்க ஆபீசின் தூணுமாகிய அப்பலசாமி மாமா எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் கமலா மாமியும் நாயும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்விதமே இருக்க வேண்டியது. தமிழ் படிக்கத் தடுமாறினால் உன் மாமியாரிடம் கொடு, ஆனால் போன கடிதத்தில் அவங்களைப் பற்றி நான் எழுதினதை ஞாபகப்படுத்தாதே.

எங்களை அங்கே குடியேற அழைத்து நீ அனுப்பின ஸ்பான்சர் ஃபாரம் வந்து சேர்ந்தது. ஜூன் முப்பதுக்குள் நானும் மாமியும் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் நம்பர் போய்விடும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாய். நன்றாக யோசித்துப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். வர முடியாது என்பதுதான் அது. காரணத்தை முதலில் கேள்.

போன வருஷம் இந்தத் தீவில் பட்டாளம் ரெண்டு தடவை ஆட்சியைப் பிடித்ததில் நம்ம டாலர் விழுந்து காகிதம் விலை ஏறி, மேனேஜர் ரவீந்திரா பதினோரு பேரையும் நிற்கவைத்து இனி ஆபீசில் ஒரு தாள் வீணாகக் கூடாது என்றார். பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று சுவா தலைமை ஆபீசில் மூணு நாள் ஆலோசனை நடந்ததாகக் கேள்வி. நான் ஆறாவது வரைதான் படித்தவன், ஏழாவதுக்கு அந்த ஸ்கூல் தயாராக இல்லை, இருந்தும் என்னிடம்தான் கொடுத்தார்கள். குப்பை கொட்டுறது நீங்கதானே, வேற யார்கிட்ட குடுப்பாங்க என்று உன் மாமி சொல்லுவாள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நான் என்ன செய்தேன் தெரியுமா, கூடைகளில் கசக்கிப் போட்டதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து மாமியின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, பின்பக்கம் வெள்ளையாக இருப்பதை அடுக்கி மறுபடி ஆபீசில் கொண்டு வைத்தேன். தேய்க்கிறப்போ முன்பக்கம் கண்ணில் படத்தானே செய்யும். ஆஸ்திரேலியாவுக்கு, நியூசிலாந்துக்கு, அமெரிக்காவுக்கு என்று ஆளாளுக்கு டைப் அடித்துத் தப்பாகிப் போட்டதுதான் முக்கால்வாசி. யார் ஊரை விட்டுப் போகப் போறாங்கன்னு அவங்க வீட்டுக்கு முந்தி எனக்குத் தெரியும். டைப்பிஸ்ட் ஷரீன் ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், கசக்கிப் போட்டதைக்கூடவா படிப்பீங்க?"

"படிக்கலம்மா, தேய்ச்சேன்."

"எங்கம்மாவுக்கே இன்னும் தெரியாது. சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனாள். டீ குடிக்கிற கப்பை மேஜையிலேயே விட்டுவிட்டாள், அதை நான் இன்னும் வாரம் ஒரு தடவை கழுவி வைக்கிறேன், தூசி படியுது பாரு.

அப்புறம்தான் அந்த விவசாயிகள் கூட்டம். யாரும் பயந்து நாட்டை விட்டு ஓடவேண்டாம், கரும்பு வெட்டு வருகிறது, எல்லாரும் திரண்டு வாருங்கள் என்று மேனேஜர் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். அவசரம் என்றதால் அன்றைக்குப் படிக்காமல் தேய்த்தேன், என் உத்தியோகத்தில் அந்த ஒரு நாள்தான். சைக்ளோஸ்டைல் மெஷினில் என் காகிதத்தைப் போட்டு நூற்றறுபது நோட்டீஸ் அடித்துப் பண்ணை பண்ணையாய்க் கொடுத்தாச்சு. பார்த்தால் அதில் பத்துப் பன்னிரண்டின் பின்பக்கம் மேனேஜரே நியூசிலாந்துக்கு எழுதிப் பிடிக்காமல் கசக்கிப்போட்ட கடிதம். ஒன்றில் மேனேஜர் வேலை கேட்டிருக்கிறார், ஒன்றில் குமாஸ்தா வேலை, ஒன்றில் என் மனைவி தினம் அழுகிறாள், கூட்டிப் பெருக்குகிற வேலையானாலும் போதும் என்று. கூட்டத்தில் பெரிய பண்ணைக்காரர் வெங்கடசாமி எழுந்து நின்று நோட்டீசை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மேனேஜர் சாப், இதுல எந்தப் பக்கத்தை நம்பறது?"

இருநூறு பேர் கூட்டம், ஐந்நூறு என்றே வைத்துக்கொள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரெண்டும் நான்தான் எழுதினேன்" என்றார். மூணு வாரத்தில் அவரும் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போ ஆபீசில் நானும் தற்காலிக மேனேஜரும் ரெண்டே பேர். முன்னே வாரத்துக்கு ஆறு கூடை குப்பை, இப்போ ஒண்ணுகூட நிறையறதில்லை. காகித வீண் தொண்ணூறு சதவீதம் குறைந்தது, நாட்டிலேயே முதல் ஆபீஸ் என்று சுவாவிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது. அதைப் புதுத் தாளில் ஒரே பக்கத்தில் அடித்திருக்கிறார்கள், அவங்களுக்கு நான்தான் போய்ப் பாடம் சொல்லணும். போன செவ்வாய்க்கிழமை தற்காலிக மேனேஜரும் எதையோ டைப் அடித்துக் கசக்கிப் போட்டார். அதை நான் எடுக்கவில்லை, தேய்க்கவுமில்லை. வீணாப் போனது அந்த ஒரு தாள்தான்.

உன் மாமியோ இன்றைக்கு ஏழு வீட்டுக்கு எஜமானி. போறவங்க எல்லாரும் சாவியை நம்ம வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்காங்க. சனிக்கிழமையானால் ஏழு வீட்டு ஜன்னலையும் திறந்து காத்தாட விட்டு, சாயங்காலம் மூடிட்டு வரா. போன வாரம் சாவியை மாட்டிக்கிட்டே, "எட்டாவது சாவியை யார்கிட்டங்க குடுக்கறது?" என்றாள். நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டேன்.

நான் கிளம்பினால் ஆபீஸ் படுத்துவிடும், ஏழு வீட்டு ஜன்னலும் மூடிக்கிடக்கும், நாய்க்கு வேறே இங்கிலீஷ் தெரியாது. ஆகையால் வர முடியாது. இதுவே முடிவு, மறுபடி எழுதித் தபால் தலையை வீணாக்காதே.

பனியில் வழுக்காமல் நடந்து, குழந்தைக்கு ரெண்டு வார்த்தையாவது தமிழ் வாயில் போட்டு, நீங்கள் மூணு பேரும் நோய் நொடி இல்லாமல் வாழ மாரியம்மனைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கும்,

மாமா அப்பலசாமி

பி.கு. காகிதத்தைத் திருப்பிப் பார். வீட்டில் வெள்ளைத் தாள் இருந்தது, இருந்தாலும் உன் ஃபாரத்தின் பின்பக்கமெல்லாம் சும்மா கிடக்க, வீணாக்க மனசு வரவில்லை. முன்பக்கம் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கேன். உத்தியோகம் என்கிற இடத்தில் மூணு தடவை எழுதி அடித்து, கடைசியில் பியூன் என்றே எழுதினேன். மாமியின் கையெழுத்து நேராக இருக்கும், என்னுடையதுதான் கட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போயிருக்கு. நாய்க்கும் எட்டுச் சாவிக்கும் வெங்கடசாமியிடம் பேசியாச்சு. எந்தப் பக்கத்தை நம்பறதுன்னு கேட்காதேம்மா, ரெண்டும் நான்தான் எழுதினேன்.