நாற்பதடி வண்டிக்கு ஓர் ஓல்டான்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஆந்திர ஊரான நகரியில் நான்கு சக்கரத்துக்கு மேல் உள்ள எந்த வண்டியும் ஓல்டானின் அனுமதியில்லாமல் பின்பக்கம் நகர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. ரயிலை மட்டும் விட்டுவைத்திருந்தார். அதுவும் ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்தான் என்று எங்கள் தெருவில் பேச்சு.

லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும் வண்டிக்குப் பின்னால் நின்று தமிழ் டிரைவருக்கு "வா வா வா", தெலுங்கு டிரைவருக்கு "ரா ரா ரா", சர்தார்ஜிக்கு "ஆவ் ஆவ்" என்பார். நிறுத்தச் சொல்வது மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "ஓல்டான்!" அதுவே பெயராகிவிட்டது. இத்தனைக்கும் மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவார்.

என் கல்யாண பீரோ வந்து இறங்கியபோது, "லெஃப்டு ஒடி... இன்னும் ஒடி... ஓல்டான்!" என்று கீறல் விழாமல் உள்ளே அனுப்பினார். அதே சூட்டில், வலது காலை எடுத்துவைத்து வந்த என் மனைவியையும் "வா வா வா" என்று கைகாட்டி அழைத்தார். "ஓல்டான்!" என்றதும் குத்துவிளக்குக்கு ஒரு சாண் முன்னால் அவள் நின்றேவிட்டாள். இன்றுவரை என் பேச்சுக்கு அவள் அப்படி நின்றதில்லை.

தாராளமயம் வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேலை தேடிச் சென்னைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஓல்டானின் ஒரே மகள் தேவகியும் டிப்ளமா முடித்துவிட்டு, அங்கே ஹாஸ்டலில் தங்கி ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை வந்துபோவாள். அவள் ஏறிய பஸ் புறப்படும்போது மட்டும் மனிதர் வாயைத் திறக்க மாட்டார்.

அப்போதுதான் ஒரு கம்பெனி, ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறுபக்கம் ரேணிகுண்டா விமான நிலையம், நடுவில் நகரி என்று யோசித்து, லாஜிஸ்டிக்ஸ் பார்க் கட்ட வந்தது. கப்பலுக்கும் விமானத்துக்கும் போகிற சரக்கை இறக்கி அடுக்கி ஏற்றுகிற பிரம்மாண்டமான கிடங்கு. நான் அங்கே சைட் ஆபீஸ் கிளார்க். முதலாளிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர்கள் கண்ணெதிரே நாற்பதடி கன்டெய்னர் வண்டி ஒன்று துறைமுகத்திலிருந்து வந்து, உள்ளே திரும்பி, சரக்கு மேடையை ஒட்டி நிற்க வேண்டும். வண்டி மாட்டிக்கொண்டால் பார்க் போய்விடும்; எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு இடம் தயாராக இருக்கிறது.

"எம் பொண்ணுக்கு இங்கயே வேல கெடைக்கும்ல, தம்பி?" ஓல்டான் தினமும் கேட்பார். தினமும் தலையாட்டுவேன்.

கேட் தூணுக்கு இன்ஜினீயர் சுண்ணாம்பில் குறி போட்டிருந்தார். மறுநாள் கான்கிரீட். ஓல்டான் அதைப் பின்பக்கமாகவே நடந்து மூன்று சுற்று சுற்றினார்.

"தூணு இங்க நின்னா வண்டி ஒடியாது சார். முன்பக்கம் பூந்துடும். பின்சக்கரம் தூண துன்னுடும்."

"கம்ப்யூட்டர்ல போட்ட பிளான்யா இது! உனக்கு டிரைவிங் லைசென்ஸ் உந்தா?" என்று சீறினார் இன்ஜினீயர்.

"லேது சார்," என்றார் ஓல்டான் பணிவாக. "காலைல காட்டுறேன்."

காலையில் நெசவாளர் தெருவே வந்து நின்றது. பன்னிரண்டு பேர் கையில் ஒரு பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெருநீளத்துக்கு விரித்துக் கட்டுவோமே, அது. ஊர்வலம் ஏதாவது வந்தால் அதை விறைப்பாகத் தூக்கிச் சந்துக்குள் திருப்புவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. நடுவில் மடிந்தால் இழை அறுந்துவிடும்.

"கன்டெய்னரும் நடுவுல மடியாது சார். சரியா நாப்பதடி அளந்து எடுத்துக்கினு வந்துகிறோம். நீங்கதான் தூணு. சுண்ணாம்பு மேல ஆடாம நில்லுங்க," என்றார் ஓல்டான்.

இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே போய் நின்றார். முன்னால் இருந்தவர்கள் அழகாக வளைந்து உள்ளே நுழைந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தார்கள். கஞ்சி காயாத நீல நூல் பாவு அவர் மார்பில் 'சளக்' என்று மோதியது. தூண் இரண்டடி பின்வாங்கி மண்ணில் உட்கார்ந்தது.

"ஓல்டான்!"

ஓர் இழைகூட அறவில்லை. இன்ஜினீயரின் வெள்ளைச் சட்டையில் மட்டும் நீலக் கோடுகள். நல்ல மனிதர் அவர். எழுந்து, தன் ஷூவாலேயே சுண்ணாம்பை அழித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார்.

"இக்கடா?"

"இன்னும் நாலடி சார்."

முதலாளிகள் வந்த நாளில் ஊரே காம்பவுண்டைச் சுற்றி நின்றது. கன்டெய்னர் வண்டியில் ஒரு சர்தார்ஜி. புதுத் தூணை ஒரு முழம் விட்டு வண்டி ஜோராக உள்ளே திரும்பியது. பிறகு ரிவர்ஸ். "ஆவ் ஆவ் ஆவ்..." ஓல்டான் பின்னால் நடக்க நடக்க, என் வேலையும் தேவகியின் வேலையும் அந்தக் கையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஓல்டான்!"

மேடைக்கும் கன்டெய்னருக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டுதான் நுழையும். பெரிய முதலாளி தன்னை மறந்து விசிலடித்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த தவில்காரர் ஆட்டோவை நிறுத்தி இறங்கி வெளுத்துவாங்கினார். பார்க் எங்களுக்குத்தான்! ஓல்டானை யார்டு சூப்பர்வைசர் ஆக்கி, ஒரு விசிலும் கொடுத்தார்கள். "வாய்தான் கீதே" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, தேவகி பெட்டி படுக்கையோடு வந்த நாளும் நினைவிருக்கிறது. பஸ் எங்கள் கேட்டில்தான் திரும்பும். ஓல்டான் வழக்கம்போல் பின்னால் நின்று "வா வா வா" என்றார். பின் கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தது.

"நைனா! மொத்தமா வந்துட்டேன்!"

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. குரல் வரவில்லை. பஸ் தூணில் 'டொம்' என்று இடித்தது. அவர் வாழ்நாளில் விழுந்த ஒரே கீறல் அதுதான்.

அதைப் பூச வேண்டும் என்று பலமுறை காகிதம் வந்தது. ஒவ்வொரு முறையும் "தேவையில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஓல்டான் ஓய்வு பெற்றுவிட்டார், நான் மேனேஜரும் ஆகிவிட்டேன். இப்போதும் யாராவது சிமெண்டுச் சட்டியோடு அந்தத் தூணை நெருங்கினால், ஆபீஸ் ஜன்னலிலிருந்தே கத்துகிறேன்: "ஓல்டான்!"