வேகமாக ஷிப்ட் மாற்றுபவர்

“அப்பா, டிரைவர் மாமா ஏன் அந்தக் கம்பியைக் கிண்டிக்கிட்டே இருக்காரு?”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், நர்மதா நாலு வயதில் கேட்ட கேள்வி இது. கொளஞ்சியப்பன் அன்றைக்கு, “பஸ்ஸு ஓடிப்போயிடாம பிடிச்சுக்கிறாரும்மா” என்று சொல்லிச் சமாளித்துவிட்டார். இப்போது நர்மதாவுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. சரியான பதில் கொளஞ்சியப்பனுக்கு இன்னும் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில், பத்தே நாளில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை வந்தது.

அரியலூர் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுவதுதான் இருபத்தாறு வருட வேலை. அன்று காலை உள்ளே நுழைந்தவர், நோட்டீஸ் போர்டின் முன்னால் நின்றுவிட்டார்.

‘கார் பிரியர் சங்கம் நடத்தும் டிராக் ரேஸ். பழைய சுண்ணாம்புச் சுரங்கச் சாலை, நானூறு மீட்டர். புதியவர் பிரிவு, கையால் கியர் மாற்றும் கார். நம் ஆலை சார்பில் கலந்துகொள்பவர்: கொளஞ்சியப்பன், டைம் ஆபீஸ்.’

அவரிடம் லைசென்ஸ் இருந்தது. எப்போதோ ஒரு பஸ் ஸ்டிரைக்கின்போது கோபத்தில் எடுத்தது, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கார் இல்லை.

நேரே மேனேஜர் கோகுலகிருஷ்ணனின் அறைக்குப் போனார். சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கார்ப் பைத்தியம்.

“சார், என் பேரு போர்டுல…”

“வாங்க, நீங்கதானா அது? நம்ம பிளான்ட்லயே வேகமா ஷிப்ட் பண்றது யாருன்னு கேட்டேன். அடுத்த நொடி உங்க பேருதான் வந்துச்சு.”

கொளஞ்சியப்பனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கேட்டவர் ஒன்று கேட்டிருக்கிறார், சொன்னவர் வேறொன்று சொல்லியிருக்கிறார். ஷிப்ட் மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லைதான். மாமியார் வீட்டுக் காதுகுத்தா, பிள்ளைக்குப் பரீட்சையா, வந்து தலையைச் சொறிந்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் ஆள் மாற்றிப் போட்டுவிடுவார்.

“சார், நான் மாத்துறது அந்த…”

அதற்குள் மேனேஜர் ஒரு காகிதத்தை நகர்த்தி, கார் சாவியை எடுத்தார். அந்தக் காகிதம் என்னவென்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதத்திலிருந்து ஷிப்ட் பட்டியலைக் கம்ப்யூட்டரே போடப்போகிறது. மிச்சமாகும் ஆட்களை சிமென்ட் மூட்டை கட்டும் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பப்போகிறார்கள். யார் யார் என்பதுதான் தெரியாது. கொளஞ்சியப்பனுக்கு வீசிங் உண்டு. அந்தப் புழுதியில் ஒரு மாதம் தாங்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டியலைக் கையில் வைத்திருப்பவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“என் காரையே எடுத்துக்குங்க. பழகுங்க.”

“சரிங்க சார்.”

வெளியே வந்ததும் ஃபோர்மேன் அழகேசனைப் பிடித்தார். கல் உடைக்கும் கிரஷர் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டிருந்தது. முந்தின நாள் மேனேஜர் அறையில் இருந்தவரும் அவர்தான்.

“ஏன்யா, கேக்குறது காதுல விழலன்னா சும்மா இருக்கக் கூடாதா?”

“நான் எதுவும் சொல்லலைங்கண்ணே. ஸ்டோர் சாவி வாங்கிட்டு அப்பவே வெளியே வந்துட்டேன்.”

“பின்ன என் பேரு தானா பறந்து போச்சா?”

“எனக்கு என்னங்கண்ணே தெரியும்?”

யாரும் நம்பவில்லை. டீ கொண்டுவரும் செங்கமலம்தான், “பாவம், அவரை விடுங்க சார். டீ ஆறுது” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி வளர்மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“டிராக்டர் ரேசா?”

“டிராக்டர் இல்ல. டிராக். நேரா ஒரே ரோடு. ரெண்டு காரு. யாரு முன்னாடி போறாங்கன்னு பாப்பாங்க.”

“வளைவு இல்லையே?”

“இல்ல.”

“அப்ப போயிட்டு வாங்க. உங்களுக்கு நேராப் போறதுதான் வரும்.”

ஆலை ஆம்புலன்ஸ் டிரைவர் ராஜதுரை கற்றுத்தர ஒப்புக்கொண்டார். மாலையில் சுரங்கச் சாலையில் காரை நிறுத்தினார்கள். கொளஞ்சியப்பன் கியர்த் தடியின் தலையில் விபூதி பூசிக் கும்பிட்டார்.

“அண்ணே, மொதல்ல இதைக் கேளுங்க. தடியை முஷ்டி கட்டிப் பிடிக்காதீங்க. உள்ளங்கையால தள்ளுங்க. ரெண்டுலருந்து மூணுக்குப் போறப்ப நேரா மேல தள்ளுனா அதுவா நடுவுக்கு வந்துக்கும். இழுத்துப் பிடிச்சீங்கன்னா மறுபடி ஒண்ணுல விழுந்து இன்ஜின் கத்தும். இன்ஜின் மீட்டர் முள்ளு ஆறாயிரத்துக்கிட்ட வந்ததும் மாத்தணும். வேகமா மாத்தணும்னு நினைக்காதீங்க. தப்பில்லாம மாத்துங்க, வேகம் தானா வரும்.”

அப்படியே தலையாட்டினார். வண்டி ஏழு முறை நின்றது.

“உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன்” என்றார் ராஜதுரை. “ஃபர்ஸ்ட் கியரு ஏ ஷிப்ட். செகண்டு பி ஷிப்ட். தேர்டு சி ஷிப்ட். போதுமா?”

மந்திரம் போட்டதுபோல் வேலை செய்தது. ஏ, பி, சி என்று வண்டி சீறிக்கொண்டு போனது. ராஜதுரை தொடையில் தட்டிச் சிரித்தார். அடுத்த நொடி இன்ஜின் வானத்துக்கும் பூமிக்குமாக அலறியது. வண்டி மட்டும் மாட்டு வண்டிபோல் தளர்ந்தது.

“நியூட்ரல்ல ஏண்ணே போட்டீங்க?”

“சி ஷிப்ட் முடிச்சா ஆஃப் தானேப்பா.”

இருபத்தாறு வருடப் பழக்கம். சி ஷிப்ட் என்னும் நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கு அடுத்த நாள் ஓய்வு தராமல் அவர் ஒருமுறைகூடப் பட்டியல் போட்டதில்லை. கை அதுவாக நியூட்ரலுக்குப் போனது.

“நாலாவது கியரு ஜெனரல் ஷிப்டுன்னு வச்சுக்குங்க” என்று ராஜதுரை திருத்தினார்.

அதனால் இன்னொரு சிக்கல் வந்தது. அடுத்த ஆள் வந்து சேராமல் இருக்கிற ஆளை விடக்கூடாது என்பது டைம் ஆபீஸின் முதல் விதி. அதன்படி, அடுத்த கியர் விழும்வரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க மறுத்தார். கிளட்ச் கருகிய வாசனை அடித்தது.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல டூட்டி பார்த்தா கம்பெனி தாங்காதுண்ணே.”

“ரிலீவர் வராம எப்படிப்பா அனுப்புறது?”

ராஜதுரை கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

இதற்கிடையே ஏ, பி, சி பாடம் உட்பட ஆலை முழுக்கச் செய்தி பரவியது. கொளஞ்சியப்பன் அண்ணன் கார் ரேஸ் ஓட்டுகிறார். யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது? வியாழக்கிழமை முதல் ஆள் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு ஏ ஷிப்டுங்க. மாத்தி விட்டீங்கன்னா நானும் வந்து பாப்பேன்.”

அவர் அசடு வழிய மாற்றிவிட்டார். சனிக்கிழமை மதியத்துக்குள் அறுபத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவரையும் இல்லை என்று அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைதான் கடைசிப் பயிற்சி. ராஜதுரை சுரங்கச் சாலையில் காரோடு காத்திருக்க, கொளஞ்சியப்பன் ஸ்கேலும் பென்சிலுமாக டைம் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வெள்ளி தொழுகைக்குப் போகவேண்டிய லப்பைக்குடிக்காட்டுக்காரர் அதற்கு ஈடாக ஞாயிறு டூட்டிக்கு வரச் சம்மதித்தார். வாலிகண்டபுரம் கோயிலுக்கு அடுத்த வாரம் குடும்பத்தோடு போக நினைத்தவர் ஞாயிறின் இன்னொரு காலி இடத்தை நிரப்பினார். அடித்து அடித்து எழுதிய காகிதம் கிழியும் நிலைக்கு வந்தபோது, எல்லா இடத்திலும் ஆள் இருந்தது.

ஞாயிறு காலை. பக்கத்து வரிசைக் காரில் பெரம்பலூர் பேங்கில் வேலை பார்க்கும் அனுசுயா. அவருக்கும் இதுதான் முதல் ரேஸ்.

பச்சை விளக்கு எரிந்தது. ஏ ஷிப்ட், நன்றாக விழுந்தது. பி ஷிப்ட், அதைவிட நன்றாக. சி ஷிப்டில் உள்ளங்கையால் தள்ளினார், தடி அதுவாக நடுவுக்கு வந்தது. அரை கார் நீளம் முந்தியே விட்டார். அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோய், கை நியூட்ரலுக்குப் போய்விட்டது.

இன்ஜின் அலறியது. கார் தளர்ந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அறுபத்து மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஜெனரல் ஷிப்ட் போடுங்கண்ணே!”

போட்டார். அவர் எல்லைக் கோட்டைத் தொட்டபோது அனுசுயா காரை ஓரங்கட்டி, இறங்கி, மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

தோல்வியை மேனேஜர் கவனிக்கவே இல்லை. அவர் கண் வேலிப் பக்கமே இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

“இவ்வளவு பேரும் இங்க நிக்கிறாங்களே, சூளையில யாரு இருக்கா?”

பதிலுக்குக் காத்திராமல் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டார். “எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு சார். ஒரு சீட்டும் காலி இல்ல” என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். அதே பதில்.

கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். மேனேஜர் வெயிலில் நின்றே முழுவதும் படித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொருவரின் காரணமும் இருந்தது.

“இத்தனை பேருக்கும் இதெல்லாம் விசாரிச்சா போட்டீங்க?”

“விசாரிக்காம எப்படி சார் போடுறது?”

மேனேஜர் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். “பேக்கிங் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. நாளைக்கே எடுத்துடறேன். கம்ப்யூட்டர் பக்கத்துல நீங்களும் இருங்க. ஆனா ஒண்ணு, இனிமே என் காரைத் தொடாதீங்க.”

திங்கட்கிழமை காலை. ஏ ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய் முடிந்து, தாழ்வாரம் வெறிச்சோடியிருந்தது. செங்கமலம் டீயை வைத்தாள். கொளஞ்சியப்பன் நல்ல மனநிலையில் இருந்தார்.

“அழகேசன் காது கேக்காததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, செங்கமலம். மேனேஜர் கியரைக் கேட்டது புரியாம என் பேரைச் சொல்லித் தொலைச்சான். அதுல நான் தப்பிச்சேன்.”

அவள் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“சொன்னது அவரு இல்லைங்க சார். நாந்தான். மேனேஜரு மேசை தொடைக்கறப்ப அந்த பேக்கிங் லிஸ்டைப் பாத்தேன், மொதப் பேரே உங்களுது. அவரு உங்க மொகத்தைக்கூட ஒழுங்காப் பாத்ததில்ல. நாலு நாளு பழகுனா அனுப்ப மனசு வராதுன்னு தோணுச்சு. எம் மவ பரிச்ச எழுதுனப்ப பத்து நாளும் என்னைப் பகல்ல போட்டீங்களே.”

“எனக்கு அது ஞாபகமே இல்லையேம்மா.”

“அதை ஞாபகம் வச்சுக்க வேண்டியது நானுங்க.”

அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி யோசித்தார். “இருந்தாலும், அவரு கேட்டதை நீயும் நம்ம டூட்டி ஷிப்டுன்னுதானே நெனச்ச?”

செங்கமலம் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“இருவது வருசமா லாரி ஓட்டுற மனுசனுக்கு வாக்கப்பட்டவ சார் நான், ஷிப்ட் பண்றதுன்னா கியரைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?”