ஓட்டுப் பெட்டிக்குள் ஓர் ஆவி

எங்கள் தொகுதியில் ஒருமுறை ஜெயித்தவர் மறுமுறை ஜெயித்ததில்லை. ஒன்பது தேர்தல், ஒன்பது உறுப்பினர்கள். எட்டுப் பேர் ஒரே தவணையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒன்பதாமவர் போகப் பயந்துகொண்டிருந்தார். தொகுதிக்கே சாபம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொன்னால் போதாதா? நம்பிவிட்டோம்.

அடுத்த தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் பெட்டிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கையில் பழைய இரும்பு ஓட்டுப் பெட்டி. முதல் தேர்தலில் தோற்று, அந்த ஏக்கத்திலேயே செத்தவரின் ஆவி அதற்குள் குடியிருக்கிறதாம். எல்லாத் தேர்தலும் அதற்கு அத்துப்படியாம். வேட்பாளர் பெயர்களை வரிசையாக வாசித்தால், ஜெயிக்கப்போகிறவர் பெயரில் பெட்டி தட்டுமாம்.

தட்டியது. அந்த ஒன்பதாவது உறுப்பினர் பெயரில்தான். சந்தைக் கொட்டகையில் முதல் நாளே மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். வெயில் என்று சொன்ன மருந்துக்கடைக்காரரை யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாம் நாள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படகில்தான் வரவேண்டும், பாலம் கிடையாது. பாலம் எப்போது என்று கேட்டவர்களிடம் உறுப்பினர் உருக்கமாகப் பேசினார். சாபம் இருக்கும்வரை எதைத் தொட்டாலும் விளங்காதாம். ஆவியே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாம். நாங்களும் தேர்ந்தெடுத்தால் சாபம் தீர்ந்து, பாலம் தானாக வந்துவிடுமாம். கைதட்டல் காதைப் பிளந்தது.

உறுப்பினரின் கார் ஓட்டுநர் எல்லோரையும்விடப் பெரிய பக்தர். பெட்டியை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. ஆவியின் கனம் கையில் தெரிகிறது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மெய்சிலிர்ப்பார். அவர் மனைவி தேர்தல் அலுவலகத்தில் எழுத்தர். ஒன்பது தேர்தல்களின் பதிவேடுகளும் அந்த அம்மாளின் அலமாரியில் இருந்தன. எழுத்தருடைய அக்கா அக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு படகுக்குக் காத்திருந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவர். அந்த அக்காவே பெட்டியைக் கும்பிட வரிசையில் நின்றதைக் கண்டதும் எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் தேர்தல் பதிவேட்டைப் பார்த்து, ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"வரப்போறது தெரிஞ்ச ஆவிக்கு வந்துபோனது தெரியாதா? மூணாவது தேர்தல்ல ஜெயிச்சது யாருன்னு கேக்கலாமா?"

பெட்டிக்காரரால் மறுக்க முடியவில்லை. உறுப்பினரும் தாராளமாகத் தலையாட்டினார். அத்தனை பழைய கதை யாருக்கு நினைவிருக்கப்போகிறது?

எழுத்தர் வாசித்தார். மூன்று பெயர்களைக் கடகடவென்று. நான்காவதற்கு முன் சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, பயபக்தியோடு.

'டொக்' என்றது பெட்டி. கூட்டம் கைகூப்பியது.

"அது என் மாமனார் பேரு," என்றார் எழுத்தர். "அவர் தேர்தல்ல நின்னதே இல்ல. ஓட்டு போடவே சோம்பல்படுவாரு. ஜெயிச்சவர் பேரை ரெண்டாவதா வாசிச்சேன்."

பெண்பிள்ளை கேட்டதால் ஆவிக்குக் கோபம் என்று பெட்டிக்காரர் இழுத்தார். அதற்குள் ஓட்டுநர் எழுந்து வந்துவிட்டார். பெற்ற அப்பனைப் பற்றி ஆவியைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

"பெட்டியத் தரையில வெச்சுக் கேளுங்க," என்றார்.

பெட்டிக்காரர் மேசையை விட்டு நகரவில்லை. ஓட்டுநர் மேசைத்துணியை இழுத்தார். பலகைக்கு அடியில் ஒரு சின்ன மரச்சுத்தி. அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை பெட்டிக்காரரின் கால் கட்டைவிரலில். பாவம், ஆவி அவ்வளவு கீழே குடியிருந்திருக்கிறது!

தானும் ஏமாந்துவிட்டதாகச் சொல்லியபடி உறுப்பினர் செருப்பைத் தேடினார். அக்கா அவர் எதிரே வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"அப்ப சாபம்னு ஒண்ணு இல்ல. பாலம் ஏன் இல்ல?"

உறுப்பினர் குனிந்து மேசைக்கடியில் செருப்பைத் தேடினார். பதில் எழுத்தரிடம் இருந்தது. ஒன்பது பேருடைய தேர்தல் நோட்டீசும் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறது. ஒன்பதிலும் முதல் வாக்குறுதி பாலம்தான் என்றார். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பியது எது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஓட்டுநர் கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, மனைவியோடும் அவர் அக்காவோடும் நடந்து போனார். அன்று உறுப்பினர் தானே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

தேர்தலில் பத்தாமவர் ஜெயித்தார். அவரும் பாலம் கட்டுவதாகத்தான் சொல்லியிருக்கிறார். பெட்டி தட்டுகிறதா என்று நாள்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோமே, ஜெயித்தவரை ஒரு நாளாவது தட்டிக் கேட்டோமா?