அட்டைப்பெட்டி மேல் உலகம் பார்த்தவர்

பயண ஆலோசகர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். சம்பளம் வாங்க மாட்டார், கூப்பிடாமலே வருவார், எந்த ஊருக்கும் போயிருக்க மாட்டார். ஆனால் எந்த வீட்டிலாவது ஒரு இளம்பெண் பெட்டியைத் திறந்து நாலு சுடிதாரை மடித்து வைத்தால் போதும், வாசலில் அவருடைய செருப்பு கிடக்கும்.

பையன்கள் போனால் இவருக்கு வேலை இல்லை. 'ஜெர்மனியா? நல்லது தம்பி' என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். பெண் என்றால்தான் அவருக்குள் இருக்கும் ஞானம் எல்லாம் பொங்கிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரான மண்ணரையின் பயண ஆலோசகர் மயில்சாமி. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறார். பெட்டி மேல் எந்த நாட்டுக்குப் போகிறது என்று அச்சடிப்பதும் அவர்தான், ஆகவே உலகம் முழுக்க அவருக்கு அத்துபடி. இத்தாலி என்றால் சின்னப் பெட்டி, அமெரிக்கா என்றால் பெரிய பெட்டி, ஜப்பான்காரன் என்றால் பெட்டி மூலை லேசாக மடங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவான். நேரில் பார்த்ததா? பழனிக்கு நடந்து போயிருக்கிறார், ஊட்டிக்கு வேனில் போயிருக்கிறார், ஒரு கல்யாணத்துக்கு பெங்களூர் போய் மண்டபத்தை விட்டு வெளியே வராமல் திரும்பியிருக்கிறார்.

அவர் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில்தான் சின்னத்தாய் குடியிருக்கிறார். கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் இல்லை, ஒரே மகள் அபிராமி. மகள் எக்ஸ்போர்ட் ஆபீசில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். போலந்துக்காரர்களோடு நாள் முழுக்க மெயிலில் மல்லுக்கட்டுகிறவளுக்கு ஒரு ஆசை வந்தது. தான் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது டிராமில் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் டிக்கெட் மலிவு. சேர்த்து வைத்த காசில் எடுத்துவிட்டாள், விசாவும் வந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் 'சரி' என்று சொல்லவில்லை. அம்மா சரி என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது என்று மகளும் இருந்தாள்.

இப்படிப்பட்ட இடத்தை மயில்சாமி விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் கண்ணு, தனியாவா?"

இந்தத் 'தனியாவா'வை ஆலோசகர்கள் சும்மா சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் 'எந்த வார்டு?' என்று கேட்கும் குரலில் சொல்வார்கள். அடுத்தது கதை. கதை இல்லாத ஆலோசகர் இந்த உலகத்தில் பிறக்கவில்லை.

"மூலனூருல எங்க சம்பந்தி ஊட்டுக்குப் பக்கத்து ஊட்டுப் புள்ள ஒண்ணு மலேசியா போச்சுங்கம்மிணி."

"அய்யோ, என்னாச்சு அண்ணாச்சி?" என்று பதறினார் சின்னத்தாய்.

"என்னாச்சுன்னு ஆருக்குத் தெரியும்? அதத்தான் சொல்றேன்!"

அந்தப் பெண் கோலாலம்பூரில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டு வருஷா வருஷம் பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வந்து போகிறாள். அது கதைக்குத் தேவையில்லை.

பிறகு வரிசையாக விழுந்தது அறிவுரை. வெளியில் எங்கும் தண்ணீர் குடிக்காதே, யாரிடமும் வழி கேட்காதே, யாரையும் பார்த்துச் சிரிக்காதே, சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள், அதனால் கொஞ்சம் சிரி, போனை வெளியே எடுக்காதே, ஆனால் மணிக்கொரு தடவை அம்மாவுக்குப் போன் போடு.

"அப்புறம், கழுத்துல ஒரு மஞ்சக் கயிறு போட்டுக்க கண்ணு. கல்யாணமான புள்ளைன்னு எவனும் கிட்ட வரமாட்டான்."

"போலந்துக்காரனுக்கு மஞ்சக் கயிறு பத்தி என்னங்க அங்கிள் தெரியும்?"

"நான் எத்தன பெட்டி அனுப்பியிருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

அபிராமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. "பேசாம டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு தாயி," என்றார் சின்னத்தாய், மெதுவாக. அவ்வளவுதான், பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. மயில்சாமி அத்தோடு எழுந்து போயிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் ஜெயித்த பிறகு எழுந்து போகிற ஆலோசகரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"ஏனுங்கம்மிணி, நானும் பொண்ணப் பெத்தவனுங்க. பேச்சுப் புரியாத ஊருல ஒரு பொம்பளப் புள்ள பையோட தனியா போயி எறங்குனா என்னத்துக்காகும்? நீங்களே சொல்லுங்க."

சின்னத்தாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சங்கரன்கோயில்ல பஸ் ஏறி இந்த ஊருல வந்து எறங்கும்போது எனக்கு இவ வயசுகூட கெடையாது அண்ணாச்சி. கூட ஒருத்தரும் வரல. நீங்க பேசுறது பாதி வெளங்காது எனக்கு. அன்னைக்குத் தனியாவா வந்தேன்னு ஒருத்தர் கேக்கல. நைட் ஷிப்ட் பாப்பியான்னுதான் கேட்டாவ."



"நீ போயிட்டு வாட்டி," என்றார் மகளிடம். அபிராமி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மயில்சாமி தோற்றுப் போனாரா? நன்றாகக் கேட்டீர்கள்! ஆலோசகருக்குப் பயணம் நின்றால் ஒரு அறிவுரை, நடந்தால் வேறு அறிவுரை. பெட்டிக்குள் கிடந்த தடித்த ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எதுக்கு கண்ணு, வீண் சுமை? போலந்துல வெய்யக் காலம். இந்த மாசம் பூராவும் கையில்லாத பனியனாத்தான் அந்த ஊருக்கு நம்ம பெட்டியில போவுது."

"அது அவங்க கோடைக்கு விக்கறதுங்க அங்கிள். கப்பல்ல போயி, கடைக்குப் போறதுக்குள்ள கோடை வந்துரும். இப்ப அங்க பனி கொட்டுது."

"குளுருற ஊருக்காரன் கையில்லாத பனியன் வாங்குவானா? யோசி கண்ணு!"

அவள் யோசிக்கவில்லை. காதர்பேட்டைக் கடைவீதியில் இன்னொரு ஸ்வெட்டரும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

போன மறுநாள் போட்டோ வந்தது. முழங்கால் வரைக்கும் பனி, காது மூடிய குல்லா, நடுவில் அபிராமியின் பல் மட்டும் தெரிகிறது. தான் அனுப்பிய சட்டையை ஒருவர் மேலும் பார்க்க முடியவில்லையாம், எல்லோரும் சட்டைக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டு போகிறார்களாம். இருந்தாலும் சந்தோஷமாம்.

மயில்சாமி அந்தப் போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். டீக்கடையில், முடி வெட்டும் இடத்தில், பெட்டி இறக்கும் கம்பெனி வாசலில் எல்லாம் காட்டினார். "தனியா போச்சுங்க நம்ம புள்ள. நாந்தான் தைரியம் சொல்லி அனுப்புனேன். மறக்காம ஸ்வெட்டர் எடுத்துக்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அபிராமி பத்திரமாகத் திரும்பி வந்தாளா என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதைத்தானே இவ்வளவு நேரமும் கேட்கக் காத்திருக்கிறீர்கள்? மயில்சாமிக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள்.